வகுப்பறையில் டார்வின் – 11: அறுபது புத்தகங்கள்

முன்கதைச் சுருக்கம்: டென்னசி மாநிலத்தின் டேட்டன் ஊரில், பரிணாமம் கற்பித்த குற்றத்துக்காக 1925-இல் ஜான் ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம் விதித்தார்கள். அப்படிப்பட்ட தடைச் சட்டங்களை 1968-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது. தடை போனபின் படைப்புவாதிகள் பங்கு கேட்டார்கள். பரிணாமம் நடத்தும் ஆசிரியர் 'படைப்பு அறிவியலும்' நடத்தியாக வேண்டும் என்று லூசியானா மாநிலம் சட்டமே போட்டது. 1987 ஜூன் 19 அன்று அதையும் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் ரத்து செய்தது. அரசுப் பள்ளியில் மதபோதனைக்கு இடமில்லை என்று அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் சொல்வதுதான் காரணம்.

முன்வாசல், பின்வாசல் இரண்டும் அடைபட்ட நிலையில் சென்ற வாரம் நிறுத்தினோம். மூன்றாவது வாசல் திறந்த கதை இது.

* * *

பெட்டியின் அடியில்

பென்சில்வேனியா மாநிலத்தின் யார்க் மாவட்டத்தில் டோவர் என்றொரு சிற்றூர். 2004-ஆம் ஆண்டின் இறுதியில் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளிக்குச் சில புத்தகப் பெட்டிகள் வந்து இறங்கின. பிரித்தவர் அறிவியல் துறைத் தலைவர் பெர்த்தா ஸ்பார். பல்லாண்டுகளாக அங்கே வேதியியல் நடத்திவந்த ஆசிரியை.

உள்ளே இருந்தவை ஒரே நூலின் 60 பிரதிகள். 'ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்' என்பது நூலின் பெயர். உயிர்களின் நுட்பமான அமைப்பு தானாக வந்திருக்க முடியாது, அறிவுள்ள ஏதோவொன்றின் திட்டம் அதற்குப் பின்னால் இருக்கிறது என்பது அதன் வாதம். 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று அதற்குப் பெயர். கடவுள் என்ற சொல்லை அந்த நூல் கவனமாகத் தவிர்த்திருந்தது.

புத்தகங்களை எடுத்து முடித்தபோது பெட்டியின் அடியில் ஒரு விற்பனைப் பட்டியல் கிடந்தது. ஸ்பார் அதைப் புரட்டினார். இதே நூல் அதில் இருந்தது. எந்தத் தலைப்பின் கீழ்? 'படைப்பு அறிவியல்.' பதினேழு ஆண்டுகளுக்கு முன் உச்ச நீதிமன்றம் வகுப்பறையைவிட்டு வெளியேற்றிய அதே சரக்கு.

புத்தகங்கள் நன்கொடை என்றார்கள். கொடுத்தது யார் என்று சொல்லவில்லை.

இவற்றை வாங்கிய பணம் யாருடையது? இந்த நூல் பிறந்தது எப்படி? டோவர் வழக்கின் தலையெழுத்தை இந்த இரண்டு கேள்விகளே எழுதின.

* * *

எரிந்த ஓவியம்

சில மாதங்கள் பின்னே போவோம்.

2004 ஜூன் 7. டோவர் பள்ளி வாரியக் கூட்டம். அமெரிக்காவில் ஊர்மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் வாரியம்தான் ஊர்ப் பள்ளிகளை நடத்துகிறது. ஒன்பதாம் வகுப்புக்குப் புதிய உயிரியல் பாடநூல் வாங்க வேண்டும். ஆசிரியர்கள் கேட்டது கென்னத் மில்லரும் ஜோசப் லெவினும் எழுதிய நூல், நாடெங்கும் புழக்கத்தில் இருப்பது.

வாரியத்தின் பாடத்திட்டக் குழுத் தலைவர் வில்லியம் பக்கிங்ஹாம் மறுத்தார். நூல் முழுக்க டார்வினியம் விரவிக் கிடக்கிறது என்பது அவர் குறை. ஒரு வாரம் கழித்து நடந்த கூட்டத்தில் இன்னும் வெளிப்படையாகவே பேசினார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் சிலுவையில் உயிர்விட்டார், அவருக்காக யாரும் குரல் கொடுக்க மாட்டீர்களா என்று அவர் கேட்டதைக் கூட்டத்தில் இருந்த உள்ளூர் நிருபர்கள் எழுதிக்கொண்டார்கள். அந்தக் குறிப்புகள் பின்னால் சாட்சியமாகும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை.

டோவரில் இந்தப் புகைச்சல் அன்று தொடங்கியதல்ல. மனிதனின் பரிணாமத்தைக் காட்டும் பெரிய ஓவியம் ஒன்றைப் பள்ளி மாணவர் ஒருவர் வரைந்து கொடுத்திருந்தார். அறிவியல் வகுப்பறையில் இருந்த அந்த ஓவியம் 2002-இல் வெளியே கொண்டுபோகப்பட்டு எரிக்கப்பட்டது. ஒரு மாணவரின் உழைப்பைக் கொளுத்தத் துணிந்த ஊரில், அடுத்த குறி பாடப்புத்தகமாக இருந்ததில் வியப்பில்லை.

ஆகஸ்ட் 2 அன்று பாடநூல் வாக்கெடுப்புக்கு வந்தது. 'பாண்டாஸ்' நூலையும் சேர்த்து வாங்கினால்தான் ஆதரவு என்று பக்கிங்ஹாம் பிடிவாதமாக நின்றார். 4-க்கு 4 என்று வாக்குகள் சமமாகின. பிள்ளைகள் கையில் பாடநூலே இல்லாமல் போகும் நிலை. கடைசியில் ஓர் உறுப்பினர் மனம் மாற, 5-க்கு 3 என்று பாடநூல் தப்பியது.

'பாண்டாஸ்' நூலுக்கு வரிப்பணம் கிடைக்காது என்பது அன்று உறுதியாயிற்று. நன்கொடை என்ற வழி அதன் பிறகுதான் வந்தது.

அக்டோபர் 18 இரவு வாரியம் தீர்மானம் நிறைவேற்றியது: டார்வின் கொள்கையில் உள்ள இடைவெளிகளையும், அறிவார்ந்த வடிவமைப்பு உள்ளிட்ட மாற்றுக் கொள்கைகளையும் மாணவர்களுக்கு அறியத்தர வேண்டும். ஆதரவு 6, எதிர்ப்பு 3. எதிர்த்தவர்களில் கணவன் மனைவியான ஜெஃப் பிரவுனும் கேரல் பிரவுனும் அந்தக் கூட்டத்திலேயே பதவியைத் துறந்தார்கள்.

* * *

ஒரு நிமிட அறிக்கை

தீர்மானத்தை வகுப்பறைக்குக் கொண்டுபோக நான்கு பத்தியில் ஓர் அறிக்கை தயாரானது. படித்து முடிக்க ஒரு நிமிடம் போதும். டார்வின் சொன்னது வெறும் கொள்கைதான், உண்மை அல்ல. அதில் ஓட்டைகள் உண்டு. வேறு விளக்கம் வேண்டுவோர் 'பாண்டாஸ்' நூலைப் பார்க்கலாம். சாரம் இவ்வளவுதான்.

ஒரு நிமிட அறிக்கைக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்டவர்கள் உண்டு. அந்த ஒரு நிமிடம் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அறிவியல் முழுவதிலும் ஒரே ஒரு கொள்கையை மட்டும் தனியே பிரித்து, இதை நம்பாதே என்று பதினான்கு வயதுப் பிள்ளையிடம் பள்ளியே சொல்கிறது. வேதியியலுக்கோ இயற்பியலுக்கோ அப்படி ஓர் எச்சரிக்கை இல்லை.

2004 டிசம்பர் 14 அன்று பெற்றோர் பதினொரு பேர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். முதல் பெயர் டாமி கிட்ஸ்மில்லர். அவர் பெயரிலேயே வழக்கு வரலாற்றில் நின்றது. இந்தப் பெற்றோரில் தவறாமல் தேவாலயம் போகிறவர்களும் இருந்தார்கள். தங்கள் பிள்ளைக்குக் கடவுளைப் பற்றிச் சொல்லித்தருவது தங்கள் பொறுப்பு, வாரியத்தின் வேலை அல்ல என்பது அவர்கள் நிலை.

அறிக்கை படிக்கப்படும் முன்பே இடைக்காலத் தடை வாங்க முடியுமா என்று வழக்கறிஞர்கள் பார்த்தார்கள். அதற்காக 2005 ஜனவரி 3 அன்று வாரியத் தரப்பினரிடம் சத்தியப் பிரமாணத்தின் பேரில் வாக்குமூலம் வாங்கினார்கள். கூட்டங்களில் மதம் பேசப்பட்டதா? இல்லை என்றார்கள். புத்தகங்களுக்குப் பணம் கொடுத்தது யார்? பக்கிங்ஹாமுக்குத் தெரியாதாம். வாரியத்தின் முக்கியப் புள்ளி ஆலன் பான்செலும் கொடுத்தவர் பெயரைச் சொல்லவில்லை.

கையில் ஆதாரம் இல்லாமல் தடை கேட்பதில் பயனில்லை. வழக்கறிஞர்கள் பின்வாங்கினார்கள்.

ஆனால் உயிரியல் ஆசிரியர்கள் பின்வாங்கவில்லை. அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல. அதை அறிவியல் என்று மாணவர்களிடம் சொல்வது பொய் சொல்வதாகும். எங்கள் தொழில் நெறி அதை அனுமதிக்காது என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். சம்பளம் கொடுக்கும் இடத்தில், சின்ன ஊரில், வேலையைப் பணயம் வைத்து எழுதிய கடிதம் அது. இந்தத் தொடரில் இதுவரை வந்தவர்களில் என் மதிப்பில் மிக உயர்ந்து நிற்பவர்கள் இந்த ஆசிரியர்கள்தாம்.

ஜனவரி 18. ஆசிரியர்கள் வகுப்பைவிட்டு வெளியே வந்தார்கள். விருப்பமில்லாத மாணவர்களும் எழுந்து வந்தார்கள். கல்வி நிர்வாகிகள் உள்ளே போய் அறிக்கையைப் படித்தார்கள். கேள்வி கேட்க அனுமதி இல்லை. எதையும் திறந்த மனத்தோடு ஆராயச் சொன்ன அறிக்கை அது!

* * *

புஷ் நியமித்த நீதிபதி

வழக்கு ஹாரிஸ்பர்க் நகரில் நீதிபதி ஜான் ஜோன்ஸ் முன் வந்தது. அவர் குடியரசுக் கட்சிக்காரர். 2002-இல் அவரை நியமித்தவர் அதிபர் ஜார்ஜ் புஷ். அதே புஷ் 2005 ஆகஸ்டில், இரண்டு தரப்பையும் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்று நிருபர்களிடம் சொல்லியிருந்தார். வாரியத்தின் ஆதரவாளர்கள் நம்பிக்கையோடு இருந்ததற்குக் காரணம் இருந்தது.

செப்டம்பர் 26 அன்று விசாரணை தொடங்கியது. ஜூரிகள் இல்லை, தீர்ப்பு நீதிபதி ஒருவர் கையில். பார்வையாளர்களில் ஒருவர் மேத்யூ சாப்மன், டார்வினின் நேரடி வாரிசு.

பெற்றோர் தரப்பின் முதல் சாட்சி, பக்கிங்ஹாம் வெறுத்த பாடநூலை எழுதிய கென்னத் மில்லர். பிரௌன் பல்கலைக்கழக உயிரியலாளர், கத்தோலிக்க நம்பிக்கையாளர். பரிணாமத்தைச் சோதித்துப் பார்க்கவே முடியாது என்ற வாதத்துக்கு அவர் ஓர் எடுத்துக்காட்டால் பதில் சொன்னார்.

சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் 24 ஜோடிக் குரோமோசோம்கள். மனிதனுக்கு 23. எல்லாரும் ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள் என்றால் அந்த ஒரு ஜோடி எங்கே போயிற்று? தொலைந்து போயிருந்தால் உயிர் பிழைத்திருக்க முடியாது. ஆகவே இரண்டு குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டிய தடம் இல்லையென்றால் பரிணாமம் பொய்.

ஷூ லேஸின் நுனியில் பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல, குரோமோசோமின் இரு நுனிகளிலும் டெலோமியர் என்ற பகுதி உண்டு. மனிதனின் இரண்டாம் குரோமோசோமில் அந்த நுனிப்பகுதி நட்டநடுவிலும் இருக்கிறது. இரண்டு ஒட்டிய இடம் அது. குரோமோசோமுக்கு ஒன்றே இருக்க வேண்டிய மையப்புள்ளிக்கு, அதில் செயலிழந்த இரண்டாவது தடமும் உண்டு. கொள்கை ஒன்றை முன்கூட்டிச் சொன்னது, தேடினார்கள், கிடைத்தது. அறிவியல் என்பது எப்படி நடக்கிறது என்பதை நீதிமன்றம் அன்று கண்ணெதிரே பார்த்தது.

வாரியத்தின் முக்கியச் சாட்சி லீஹை பல்கலைக்கழக உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி. ஒரு பாகத்தை எடுத்தாலும் செயல்படாத அமைப்புகள் படிப்படியாக உருவாகியிருக்க முடியாது என்பது அவர் வாதம். நம் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு அதற்கு அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று.

பெற்றோர் தரப்பு வழக்கறிஞர் எரிக் ராத்ஸ்சைல்டு குறுக்கு விசாரணை செய்தார். நோய் எதிர்ப்பு அமைப்பின் பரிணாமம் பற்றிய 58 ஆய்வுக் கட்டுரைகள், ஒன்பது புத்தகங்கள், பாடநூல் அத்தியாயங்கள் எல்லாம் சாட்சிக்கு முன்னால் அடுக்கப்பட்டன. பீஹி அவற்றைப் போதுமான சான்றாக ஏற்கவில்லை. இன்னொரு கேள்வியில், அறிவியல் கொள்கைக்கு அவர் தரும் இலக்கணத்தின்படி ஜோதிடமும் தேறிவிடும் என்பதை அவரே ஒப்புக்கொண்டார்.

* * *

முதல் ரகசியம்: நூலின் பிறப்பு

அக்டோபர் 5. பார்பரா ஃபாரஸ்ட் கூண்டேறினார். லூசியானாவைச் சேர்ந்த தத்துவப் பேராசிரியை. இவர் சாட்சி சொல்லவே கூடாது என்று வாரியத் தரப்பு முன்பே மனுப்போட்டுப் போராடியிருந்தது. அந்தப் பயம் வீண் பயமல்ல.

'பாண்டாஸ்' நூல் 1989-இல் வெளிவந்தது. டெக்சாஸ் மாநிலத்து அமைப்பு ஒன்று அதைத் தயாரித்தது. அச்சேறும் முன் பழைய நகல்கள் இருந்திருக்க வேண்டும் என்று அறிவியல் கல்விக்கான தேசிய மையத்தின் நிக் மாட்ஸ்கி மோப்பம் பிடித்தார். நீதிமன்றம் வழியாக அந்த அமைப்புக்கு ஆணை போயிற்று. தர மறுத்துப் பார்த்தார்கள். முடியவில்லை. ஆயிரக்கணக்கான பக்கங்கள் வந்து சேர்ந்தன.

நகல்களின் பெயர்களே கதை சொல்லின. 1983-இல் 'படைப்பு உயிரியல்'. 1986-இல் 'உயிரியலும் படைப்பும்'. 1987-இல் 'உயிரியலும் தோற்றங்களும்'. அதே ஆண்டில் 'பாண்டாஸ்' என்ற பெயரில் இரண்டு நகல்கள்.

அந்த இரண்டில்தான் எல்லாம் இருந்தது. ஒன்றில், மீன்கள் செதிலோடும் பறவைகள் சிறகோடும் திடீரெனத் தோன்றின, அதுவே படைப்பு என்று ஒரு வரையறை. மற்றதில் அதே மீன்கள், அதே பறவைகள், அதே வாக்கியம். 'படைப்பு' இருந்த இடத்தில் மட்டும் 'அறிவார்ந்த வடிவமைப்பு'. இப்படி ஏறத்தாழ 150 இடங்களில் சொல் மாறியிருந்தது.

நீதிமன்றத் திரையில் ஒரு வரைபடம் எழுந்தது. 'படைப்பு' என்ற சொல்லின் கோடு ஆண்டுதோறும் உயரத்தில் ஓடி, 1987-இல் தடாலென்று விழுகிறது. அதே இடத்தில் 'வடிவமைப்பு' என்ற கோடு செங்குத்தாக எழுகிறது. நடுவே நிற்கும் தேதி, லூசியானா தீர்ப்பு வந்த ஜூன் 19.

நகல்களை ஒப்பிட்டபோது ஃபாரஸ்ட் கண்ட இன்னொன்றும் உண்டு. ஓரிடத்தில் படைப்புவாதிகளைக் குறிக்கும் 'கிரியேஷனிஸ்ட்ஸ்' என்ற சொல்லை அழித்து 'டிசைன் ப்ரொபோனன்ட்ஸ்' என்று போட முயன்றிருக்கிறார்கள். அவசரத்தில் பழைய சொல்லின் முதல் எழுத்தும் கடைசி எழுத்துகளும் அழியாமல் தங்கிவிட்டன. விளைவு, 'சிடிசைன் ப்ரொபோனன்ட்சிஸ்ட்ஸ்'. எந்த மொழியிலும் பொருளில்லாத ஒரு சொல். ஆனால் பழைய உயிரினத்துக்கும் புதியதற்கும் நடுவே கிடைக்கும் புதைபடிவம்போல, எது எதிலிருந்து வந்தது என்பதை அது காட்டிக்கொடுத்தது.

ஆய்வகத்தில் ஒரு கண்டுபிடிப்பு நிகழ்ந்து அதனால் பிறந்த கொள்கை அல்ல இது. ஒரு தீர்ப்புக்குத் தப்ப, கணினியில் சொல்லை மாற்றியதில் பிறந்தது. நூலின் முதல் ரகசியம் வெளியே வந்துவிட்டது.

* * *

இரண்டாம் ரகசியம்: 850 டாலர்

அக்டோபர் 27 அன்று பக்கிங்ஹாம் சாட்சி சொன்னார். பெற்றோர் தரப்பில் ஸ்டீபன் ஹார்வி விசாரித்தார்.

கூட்டங்களில் படைப்புவாதம் பற்றிப் பேசவே இல்லை என்று பக்கிங்ஹாம் சாதித்தார். திரையில் ஒரு வீடியோ ஓடியது. 2004 ஜூனில் உள்ளூர்த் தொலைக்காட்சி எடுத்த பேட்டி. பரிணாமத்துக்கு ஈடாகப் படைப்புவாதம் போன்ற ஒன்று வேண்டும் என்று அவர் வாயாலேயே சொல்வது தெளிவாகக் கேட்டது. கேமராவைக் கண்டு தடுமாறி வாய்தவறிச் சொல்லிவிட்டதாக விளக்கம் தந்தார்.

அடுத்து வந்தது ஒரு காசோலை. தொகை 850 டாலர். எழுதியவர் பக்கிங்ஹாம். பெறுபவர் டொனால்டு பான்செல், ஆலன் பான்செலின் தந்தை. எதற்காக என்று குறிக்கும் இடத்தில் 'பாண்டாஸ்' நூலின் பெயர்.

தன் தேவாலயத்தில் எழுந்து நின்று பணம் கேட்டதை பக்கிங்ஹாம் ஒப்புக்கொண்டார். அந்தப் பணம் ஆலன் பான்செல் வழியாக அவர் தந்தையிடம் போய், புத்தகங்களாகப் பள்ளிக்குத் திரும்பியிருக்கிறது. ஜனவரியில் தெரியாது என்று சொன்னது இதைத்தான்.

அக்டோபர் 31 அன்று ஆலன் பான்செல் கூண்டில் நின்றார். வழக்கறிஞர்கள் கேட்டு முடித்தார்கள். சாட்சி இறங்கவிருந்தார்.

அப்போது நீதிபதி ஜோன்ஸ் ஜனவரி வாக்குமூலத்தின் பிரதியைத் தன்னிடம் தரச் சொன்னார். இனி கேள்வி கேட்கப்போவது அவர்.

நன்கொடையில் யாருக்கெல்லாம் பங்கு என்று அன்று கேட்டபோது பக்கிங்ஹாம் பெயரை ஏன் சொல்லவில்லை? காசோலை உங்கள் தந்தைக்கு ஏன் போக வேண்டும்? பள்ளி புத்தகம் வாங்க நடுவில் அவர் எதற்கு? பான்செல் சுற்றிவளைத்தார். நீதிபதி விடவில்லை. அதே கேள்வியை மீண்டும் கேட்டார். அந்த மன்றத்தில் இருந்த எவருக்கும் அவர் முகத்தில் இருந்த கோபம் தெரியாமல் போகவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடவுள் இருக்கிறாரா என்பது இந்த வழக்கில் ஒருநாளும் கேள்வியாக இருந்ததில்லை. பெற்றோர் தரப்புச் சாட்சிகளில் ஒருவர் ஜான் ஹாட் என்ற இறையியலாளர். நம்பிக்கை உள்ளவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். கேள்வி நேர்மையைப் பற்றியது. எங்கிருந்து வந்தது என்பதை மறைத்தால்தான் வகுப்பறைக்குள் நுழைய முடியும் என்றால், அது பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தக்கது அல்ல. ஆசிரியர்கள் ஜனவரியிலேயே கண்டுகொண்ட உண்மை இது. நீதிமன்றத்துக்கு அதைக் காட்ட ஒரு நூலின் நகல்களும் ஒரு காசோலையும் தேவைப்பட்டன.

* * *

நாற்பதாம் நாள்

நவம்பர் 4 அன்று வாதங்கள் முடிந்தன. வாரியத்தின் வழக்கறிஞர் பேட்ரிக் கிலென் எழுந்து, விசாரணை தொடங்கி இன்றோடு நாற்பது நாள், இன்றிரவு நாற்பதாவது இரவு, வேண்டுமென்றே இப்படி அமைத்தீர்களா என்று கேட்டார். விவிலியத்தின் பெருமழை நாற்பது பகலும் நாற்பது இரவும் பெய்தது எல்லாருக்கும் நினைவுக்கு வந்தது. சுவையான தற்செயல்தான், ஆனால் வடிவமைத்தது அல்ல என்றார் நீதிபதி. மன்றம் சிரிப்பில் அதிர்ந்தது.

நான்கு நாள் கழித்து, நவம்பர் 8 அன்று, டோவர் மக்கள் வாரியத் தேர்தலில் வாக்களித்தார்கள். எட்டு இடங்களுக்குத் தேர்தல். நின்ற பழைய உறுப்பினர்கள் எட்டுப் பேரும் தோற்றார்கள். தீர்ப்பு வரும் முன்பே ஊர் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது.

ஆனால் வெற்றியே ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. கொள்கையைக் கொண்டுவந்தவர்கள் போய்விட்டார்கள். இனி நீதிபதி என்ன எழுத வேண்டும்?

அவர் முன் எளிய வழி ஒன்று இருந்தது. வாரியத்தினர் மத நோக்கத்தோடு நடந்துகொண்டார்கள், அதை மறைக்கப் பொய்யும் சொன்னார்கள். எனவே கொள்கை செல்லாது. அத்தோடு முடித்திருக்கலாம். அப்படி முடித்தால் அது டோவர் என்ற ஓர் ஊரின் கதையாக நின்றுவிடும். நோக்கத்தை மறைக்கத் தெரிந்த இன்னொரு வாரியம் நாளையே இன்னொரு மாநிலத்தில் அதே நூலை வாங்கலாம்.

கடினமான வழியும் இருந்தது. அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியலா, இல்லையா? அதற்கும் விடை சொல்லுங்கள் என்று இரு தரப்புமே கேட்டிருந்தன. எது அறிவியல் என்று சொல்ல ஒரு நீதிபதிக்கு உரிமை உண்டா என்ற சர்ச்சை அதற்குள் கிளம்பிவிட்டது. தன்னை நியமித்த அதிபரே ஆதரவாகப் பேசிய ஒன்று அது என்பதும் அவருக்குத் தெரியும்.

டிசம்பர் 20 அன்று தீர்ப்பு வந்தது. 139 பக்கங்கள். ஜோன்ஸ் எந்த வழியில் நடந்தார்?

(அடுத்த வாரம்)